கையில் கனக்கும் மின்சாரம்

இரண்டாம் உலகப் போரில், 1942 நவம்பரில் அமெரிக்கப் படைகள் வட ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியபோது, எஸ்.சி.ஆர்-284 என்ற ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மணல் கரையில் மின்கம்பம் ஏது, பிளக் மாட்டும் சுவர் ஏது? அதனால் ஜி.என்-45 என்ற ஜெனரேட்டரும் கூடவே போனது. பெட்ரோல், டீசல் எதுவும் அதற்குத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. ஒரு வீரர் உட்கார்ந்து இரண்டு கையாலும் விடாமல் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். பிறகு வந்த ஜி.என்-58-ல் உட்கார ஒரு சிறு இருக்கையும் சேர்ந்தே வந்தது.

பக்கத்தில் இன்னொருவர் மோர்ஸ் சாவியைத் தட்டிச் செய்தி அனுப்புவார். அவர் சாவியை அழுத்தும்போதெல்லாம் சுற்றுபவருக்குக் கைப்பிடி சட்டென்று கனக்கும். விட்டால் லேசாகிவிடும். காதைப் பொத்திக்கொண்டாலும், எப்போது புள்ளி போகிறது, எப்போது கோடு போகிறது என்று அவருடைய தோள்பட்டைக்குத் தெரிந்துவிடும்!

இது எப்படி? காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருளைச் சுற்றினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்தார். ஆனால் கம்பியின் இரண்டு முனையும் ஒரு சுற்றாக இணையாதவரை மின்னோட்டம் ஓடாது. அப்போது உராய்வைச் சமாளிக்கும் அளவுக்குத் தெம்பு இருந்தால் போதும், சுருள் சுழலும். சாவியை அழுத்தியதும் ரேடியோ நிறைய மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்னோட்டம் ஓடும் சுருளே ஒரு காந்தமாகிவிடுகிறது. தன்னைச் சுற்றிவிடும் கையையே எதிர்த்துத் தள்ளுகிறது. எப்போதும் எதிர்த்துத்தான் தள்ளும் என்பதை 1834-ல் விதியாகச் சொன்னவர் லென்ஸ் என்ற விஞ்ஞானி. மாறாக, உதவியாகத் தள்ளினால் என்ன ஆகும்? ஒரு தடவை சுற்றிவிட்டுச் சும்மா இருக்கலாம், மின்சாரம் இலவசமாக வந்துகொண்டே இருக்கும். அது நடக்காது. ரேடியோ அனுப்பிய ஒவ்வொரு புள்ளிக்கும் ஆற்றல் கொடுத்தது அந்த வீரர் காலையில் தின்ற ரொட்டிதான்.

போர் முடிந்து எண்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தப் பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடித்து மறுபடி ஓட வைப்பவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். கையால் சுற்றுபவை மட்டுமில்லை, சிறு பெட்ரோல் என்ஜின் வைத்த ராணுவ ஜெனரேட்டர்களையும்தான். கையில் கிடைத்ததும் ஆசையாகச் சுற்றிப் பார்க்கக் கூடாது. உள்ளே கிரீஸ் காய்ந்து பிசின்போல இறுகியிருக்கும். பல்சக்கரங்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அந்தப் பிசினை எடுத்துவிட்டுப் புது கிரீஸ் வைப்பார்கள். கை மெதுவாகச் சுற்றினாலும் உள்ளே சுருள் பல மடங்கு வேகமாகச் சுழல்வது இந்தப் பல்சக்கரங்களால்தான்.

அடுத்தது கம்யூட்டேட்டர். சுழலும் சுருளிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் செப்பு உருளை இது. அதன்மேல் கார்பன் பிரஷ்கள் உரசிக்கொண்டே இருக்கும். செப்புத் துண்டுகளுக்கு நடுவே காக்காப்பொன், அதாவது மைக்கா, தடுப்பாக இருக்கிறது. செம்பு தேயும் அளவுக்கு மைக்கா தேயாது. அதனால் நாளடைவில் மைக்கா மேலே துருத்திக்கொண்டு பிரஷ்ஷைத் தூக்கிவிடும், தீப்பொறி பறக்கும். மெல்லிய வாளால் மைக்காவைச் சற்றே பள்ளமாக்கி, நைசான உப்புத்தாளால் செம்பைத் தேய்க்க வேண்டும். எமரித் தாள் கூடவே கூடாது: அதன் கடினமான துகள்கள் செம்பில் பதிந்துகொண்டு பிரஷ்ஷை அரிக்கும்.

எல்லாம் சுத்தமாகிவிட்டது, வேகமாகச் சுற்றுகிறோம். மல்டிமீட்டரில் பூஜ்யம்! கம்பி அறுந்திருக்கிறதா? இல்லை. என்ன குறை?

இந்த மாதிரி ஜெனரேட்டர்கள் பலவற்றில் நிலைக்காந்தம் கிடையாது. இரும்பின்மேல் கம்பி சுற்றிய மின்காந்தம்தான் உண்டு. அந்த மின்காந்தத்துக்கு மின்சாரம் வேண்டும். அதைக் கொடுப்பதும் இதே ஜெனரேட்டர்தான். காந்தம் இருந்தால்தான் மின்சாரம், மின்சாரம் இருந்தால்தான் காந்தம். இப்படி இருந்தால் முதலில் எது வரும்?

விடை இரும்பில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் இரும்பில் துளியளவு காந்தம் மிஞ்சும். சுருளைச் சுற்றும்போது அந்தத் துளியே கொஞ்சம் மின்னழுத்தம் தரும். அது மின்காந்தத்துக்குப் போய் அதைச் சற்று வலுவாக்கும். காந்தம் வலுத்ததும் மின்னழுத்தம் கூடும், மறுபடி காந்தம் வலுக்கும். இப்படி ஏறிக்கொண்டே போய், இரும்பு இதற்குமேல் காந்தமாக முடியாது என்ற நிலையை நெருங்கும்போது ஏற்றம் அடங்கிவிடும். ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸும் இங்கிலாந்தின் வீட்ஸ்டனும் தனித்தனியாக இதை யோசித்தார்கள். இருவருடைய யோசனையையும் விளக்கும் கட்டுரைகள் லண்டன் ராயல் சொசைட்டியில் 1867 பிப்ரவரி 14 அன்று, ஒரே நாளில் வாசிக்கப்பட்டன! ஹங்கேரியின் யெட்லிக் என்பவருக்கு இருவருக்கும் முன்பே இந்த யோசனை வந்திருந்தது. பாவம், அவர் அதை ஊரறியச் சொல்லவில்லை.

பல ஆண்டுகள் சும்மா கிடந்து, அடியும் அதிர்ச்சியும் பட்ட இரும்பில் அந்தத் துளிக் காந்தமும் போய்விடலாம். வைத்தியம் எளிது. மின்காந்தச் சுருளில் பேட்டரியைச் சில நொடிகள் தொட்டு எடுப்பார்கள். பிளஸ், மைனஸ் மாறினால் ஜெனரேட்டர் தலைகீழாக மின்சாரம் தரும். அதனால் பழைய கையேட்டைப் பார்த்துத்தான் தொடுவார்கள்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பிரஷ் தீப்பொறி ரேடியோவில் கரகரவென்று கேட்கும். அதை அடக்க உள்ளே மின்தேக்கிகள் இருக்கும். காகிதம் சுற்றிய அந்தக் காலத்து மின்தேக்கி ஈரம் குடித்துக் கெட்டிருக்கும். சிலர் பழைய தகர உறையைத் திறந்து, புதிய மின்தேக்கியை உள்ளே ஒளித்து, மறுபடி மூடிவிடுவார்கள். வெளியே பார்த்தால் 1942 மாடல்தான்! பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று புதிதாக அடிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கீறலோடு இருந்தால்தான் அது போன இடமெல்லாம் தெரியும்.

இவற்றில் 400 வோல்ட்டுக்குமேல் தருபவையும் உண்டு. உயிரைப் பறிக்கும் அளவு அது. ஆகவே நீங்கள் தொட வேண்டாம். உடைந்த பொம்மைக் காரின் மோட்டார் போதும், பேட்டரியும் வேண்டாம். அதில் நிலைக்காந்தமே இருக்கிறது. அதன் அச்சை விரலால் வேகமாகச் சுண்டிவிட்டு, எவ்வளவு நேரம் சுழல்கிறது என்று பாருங்கள். பிறகு அதன் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு மறுபடி சுண்டுங்கள். இம்முறை சீக்கிரமே நின்றுவிடும். எதனால் என்று இப்போது நீங்களே சொல்லலாம்.