உஷார்! சளிக்கு விழுங்கிய மாத்திரை நிமோனியாவில் கைவிட்டுவிடும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாம்பன் முதல் தொண்டி வரை வீட்டுக்கு வீடு இருமல்தான். கால் நேரே மெடிக்கலுக்குப் போகிறது. “நெஞ்சுல சளி கட்டியிருக்குண்ணே, பவரா ரெண்டு மாத்திரை குடுங்க” என்று கேட்டால் அஜித்ரோமைசினோ செஃபிக்ஸிமோ கைக்கு வந்துவிடுகிறது. தயவுசெய்து இந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

சளி, தொண்டை வலி, சில நாள் இருமல் ஆகியவை பெரும்பாலும் வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அது அழிப்பது தொண்டையிலும் குடலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களை. மருந்துக்குத் தப்பியவை மட்டும் மிஞ்சிப் பெருகும். மருந்து எடுத்த முதல் மாதத்தில் இது உச்சத்தில் இருக்கும். ஓராண்டு வரைகூட நீடிக்கலாம். அந்தச் சமயத்தில் நிமோனியா வந்தால், நுரையீரலில் இறங்கியிருப்பது மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கக்கூடும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

• கடந்த 90 நாளில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள். ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

• முன்பு ஒருமுறை சளிப் பரிசோதனையில் மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதாகத் தெரியவந்தவர்கள்.

• நுரையீரல் ஏற்கெனவே கெட்டவர்கள். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களும், பீடி, சிகரெட்டை விடாதவர்களும் இதில் அடக்கம். புகையால் வரும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் அடிக்கடி சளித் தொற்று வரும், அடிக்கடி ஆன்டிபயாடிக்கும் உள்ளே போகும்.

• 65 வயது தாண்டியவர்கள், 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள்.

• ஐசியூவில் வென்டிலேட்டரில் இருப்பவர்கள். அங்கே நுரையீரலைத் தாக்கும் அசினெட்டோபாக்டர் கிருமிகளில் பத்துக்கு எட்டுக்கும் மேல் கார்பபெனம் என்ற உயர்ரக மருந்துக்கே அடங்கவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) அறிக்கைகள் சொல்கின்றன.

இது எங்கோ நடக்கும் கதை இல்லை. கார்பபெனத்தையே முறிக்கும் என்டிஎம்-1 மரபணு, சென்னையில் எடுத்த 44 கிருமி மாதிரிகளில் இருந்ததை 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழ் வெளியிட்டது. 2012-இல் நாடெங்கும் இருந்து மருத்துவர்கள் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல் செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின் உள்ளிட்ட 46 மருந்துகள் எச்-1 பட்டியலில் உள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அஜித்ரோமைசினுக்கும் சீட்டு கட்டாயம். ஆனாலும் உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள். அதிக உயிர்களைப் பறித்தது நுரையீரல் தொற்று.

நம் கரைக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 55 கி.மீ. போக வேண்டும். மதுரை என்றால் ஏறக்குறைய 170 கி.மீ. முதலில் கொடுக்கும் மருந்து கேட்காமல் போனால் இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு உலை வைக்கும்.

என்ன செய்யலாம்?

சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அதைக் காட்டி, “மூணு மாசத்துக்குள்ள இதைச் சாப்பிட்டேன், இந்த ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன்” என்று நீங்களே சொல்லுங்கள். எந்த மருந்தில் தொடங்குவது என்ற அவர் முடிவையே அது மாற்றலாம்.

டாக்டர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய் இருப்பது தெரியாமல் லீவோஃப்ளாக்ஸசின் விழுங்கினால் நோய் சில நாள் பதுங்கும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

குழந்தைக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடும் நிமோகாக்கல் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், தவறவிடாதீர்கள். பெரியவர்களுக்கு எந்தத் தடுப்பூசி தேவை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மூச்சு வாங்குவது, நெஞ்சு குத்துவது, உதடு நீலமாவது, பேச்சு குழறுவது, குழந்தை பால் குடிக்க மறுப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் மெடிக்கலுக்குப் போகாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.