நாலு பெண்கள், நாலு புத்தகங்கள்



நான் ஒரு கற்போர் மையத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என்னிடம் படிப்பவர்கள் எல்லாரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். இருந்தாலும் என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் இரவு வகுப்பு முடிந்தது. எல்லாரும் புத்தகத்தை மூடினார்கள். ஒரு அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் வீட்டு வேலைக்குப் போகிறவர். படிக்கக் கற்றுக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க அக்கா."

"புத்தகத்துல எல்லாம் ராஜா கதை, தலைவருங்க கதைதானே வருது? அரசியல், போராட்டம் எல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம். பாத்திரம் தேய்க்கிறவ கதைய யாரு எழுதுவாங்க? எழுதினாலும் யாரு படிப்பாங்க?"

நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். பதில் கிடைத்தது. அதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

நாலு பெண்களின் கதை இது. நாலு பேரும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதினார்கள். யாரும் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை.

1. ஒளித்து வைத்த ஏடு

முதல் கதை வங்காளத்தில் நடந்தது. இருநூறு வருடத்துக்கு முந்திய காலம். அந்தப் பெண்ணின் பெயர் ராசசுந்தரி தேவி.

அந்தக் காலத்தில் பெண்கள் படிக்கக் கூடாது என்பார்கள். படித்தால் புருஷன் செத்துப் போவான் என்று பயம் காட்டுவார்கள். ராசசுந்தரியின் பிறந்த வீட்டில் ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்தது. சிறுமியான அவரையும் அங்கே ஒரு ஓரமாக உட்கார வைத்தார்கள். அவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு அந்தப் பள்ளியும் நின்று போயிற்று.

12 வயதில் கல்யாணம். பெரிய வீடு. நாள் முழுக்கச் சமையல். 12 பிள்ளைகள் பெற்றார். அவர் எவ்வளவு பயந்து வாழ்ந்தார் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறார். கணவருடைய குதிரை முற்றத்தில் நின்றால், அதன் முன்னால் வரவே கூச்சப்பட்டாராம். குதிரைக்கு முன்னால் வந்தாலும் கணவருக்கு முன்னால் வந்ததுபோல்தானே என்று உள்ளேயே நின்றுவிடுவாராம்!

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சைதன்ய பாகவதம் என்ற பக்தி நூலைத் தானே படிக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் புத்தகம் தனித்தனி ஏடுகளாக இருக்கும். ஒருநாள் அதிலிருந்து ஓர் ஏட்டை எடுத்தார். சமையலறையில் ஒளித்து வைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனை ஓலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஓலையில் இருக்கும் எழுத்தையும் ஏட்டில் இருக்கும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். சின்ன வயதில் காதில் விழுந்ததை நினைவுக்குக் கொண்டு வருவார். சமைத்துக்கொண்டே, முக்காட்டுக்குள் மறைத்துப் படிப்பார்.

அப்போது அவருக்கு வயது சுமார் 25. சொல்லித் தர ஆளில்லை. நேரமும் இல்லை. ஆனாலும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். எழுதக் கற்றது அதற்கும் பல வருடம் கழித்துத்தான்.

1876-இல் அவருடைய புத்தகம் அச்சில் வந்தது. பெயர் 'ஆமார் ஜீபன்'. என் வாழ்க்கை என்று பொருள். வங்க மொழியில் ஒருவர் தன் கதையைத் தானே எழுதிய முதல் நூல் இதுதான் என்று சொல்கிறார்கள். எழுதியவர் பண்டிதர் இல்லை. அடுப்படியில் இருந்த ஒரு பெண்.

சாகக் கிடந்த தாயைப் பார்க்கக்கூட அவரால் போக முடியவில்லை. நான் மகனாகப் பிறந்திருந்தால் ஓடிப் போயிருப்பேனே என்று அந்தப் புத்தகத்தில் வருந்துகிறார். அவர் கொடி பிடிக்கவில்லை. கோஷம் போடவில்லை. ஆனால் பெண்ணுக்கு ஒரு நியாயம், ஆணுக்கு ஒரு நியாயமா என்று கேட்டுவிட்டார் அல்லவா?

2. பொட்டலத் தாள்

அடுத்த கதை மகாராஷ்டிரத்தில் நடந்தது. காலமும் மாறுகிறது. அந்தப் பெண் 1929-இல் பிறந்தவர். பெயர் பேபி காம்ப்ளே. மகர் என்ற சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தச் சமூகத்தை மற்றவர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அவர்கள் ஊருக்காக எல்லா வேலையும் செய்ய வேண்டும். கூலியாகக் கிடைப்பது மிச்சம் மீதி ரொட்டி. மகர் பெண்கள் சேலைக் கரை வெளியே தெரியும்படி கட்டக்கூடக் கூடாது. மேல்சாதிப் பெண்கள் மட்டும்தான் அப்படிக் கட்டலாம்.

பேபி காம்ப்ளே நாலாம் வகுப்புவரைதான் படித்தார். கல்யாணத்துக்குப் பிறகு பல்டன் என்ற ஊரில் சின்ன மளிகைக் கடை வைத்தார்கள். பொட்டலம் மடிக்கப் பழைய செய்தித்தாள் வாங்குவார்கள். பேபி காம்ப்ளே அந்தத் தாளை மடிப்பதற்கு முன்னால் படிப்பார். படித்துப் படித்து எழுதும் ஆசை வந்தது.

ஆனால் வீட்டில் தெரிந்தால் ஆபத்து. அதனால் மறைத்து மறைத்து எழுதினார். ஒரு நாள் இல்லை, ஒரு வருடம் இல்லை. இருபது வருடம் அந்தத் தாள்களைக் கணவரின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தார்.

1982-இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் அது தொடராக வந்தது. 1986-இல் புத்தகமாக வந்தது. பெயர் 'ஜிணே ஆமுச்சே'. எங்கள் வாழ்வு என்று பொருள். இவர் என் வாழ்வு என்று சொல்லவில்லை. எங்கள் வாழ்வு என்கிறார். கவனித்தீர்களா?

பசி, நோய், மூடநம்பிக்கை எல்லாவற்றையும் எழுதினார். டாக்டர் அம்பேத்கரின் பேச்சைக் கேட்டு மக்கள் எப்படி விழித்துக்கொண்டார்கள் என்றும் எழுதினார். செத்த மாட்டைத் தின்னாதீர்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றார் அம்பேத்கர். முதலில் அதைப் பிடித்துக்கொண்டவர்கள் பெண்கள்தான் என்கிறார்.

இன்னொன்றும் செய்தார். மேல்சாதிக்காரர்களை மட்டும் அவர் குற்றம் சொல்லவில்லை. தங்கள் வீட்டு மாமியார் மருமகளைப் படுத்திய பாட்டையும், ஆண்கள் பெண்களை அடித்ததையும் எழுதினார். நம் வீட்டுத் தப்பை நாமே சொல்வதற்குத் தைரியம் வேண்டும். பின்னாளில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளியும் நடத்தினார். 2012-இல் காலமானார்.

3. குப்பையில் கிடைத்த நோட்டு

நம் நாட்டில் மட்டும்தான் இப்படியா? இல்லை. கடல் கடந்து பிரேசில் நாட்டுக்குப் போவோம். அது தென் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே சாவோ பாவ்லோ என்பது மிகப் பெரிய நகரம்.

அந்த நகரத்தின் ஒரு குடிசைப் பகுதியில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். பெயர் கரோலினா மரியா தெ ஜேசுஸ். 1914-இல் பிறந்தவர். பள்ளிக்குப் போனது இரண்டே வருடம். மூன்று பிள்ளைகள். துணைக்கு ஆள் இல்லை. தெருவில் பழைய காகிதமும் இரும்பும் பொறுக்கி எடைக்குப் போடுவார். காசு கிடைத்தால் சோறு. மழை பெய்தால் பட்டினி.

குப்பையில் சில சமயம் நோட்டுப் புத்தகம் கிடைக்கும். எழுதாத பக்கங்கள் அதில் இருக்கும். அந்தப் பக்கங்களில் தினமும் எழுதுவார். அன்றைக்கு எத்தனை காசு கிடைத்தது? அரிசி என்ன விலை? குழாயடியில் என்ன சண்டை? எல்லாம் எழுதுவார்.

புத்தகத்தின் முதல் நாளே இப்படித் தொடங்குகிறது. மகளுக்குப் பிறந்த நாள். செருப்பு வாங்கித் தர ஆசை. ஆனால் சாப்பாட்டுக்கே காசு போதவில்லை. கடைசியில் குப்பையில் கிடந்த ஒரு ஜோடியை எடுத்து, கழுவி, தைத்து மகளுக்குப் போட்டுவிடுகிறார். நம் ஊரில் நடக்காத கதையா இது?

ஓட்டுக் கேட்கும் நேரத்தில் மட்டும் வருகிற அரசியல்வாதிகளைப் பற்றியும் எழுதினார். அக்கம் பக்கத்தாரோடு சண்டை வந்தால், "உங்களை என் புத்தகத்தில் எழுதிவிடுவேன்" என்று மிரட்டுவார்! 1958-இல் ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் பக்கம் வந்தார். இந்த மிரட்டல் அவர் காதில் விழுந்தது. எந்தப் புத்தகம் என்று கேட்டார். நோட்டுகளைக் காட்டினார் கரோலினா.

1960-இல் அது அச்சில் வந்தது. சில நாளில் பத்தாயிரம் பிரதிகள் விற்றன. பல மொழிகளில் வந்தது. அந்தப் புத்தகத்தின் பெயருக்கு, வேண்டாத சாமான் போடும் அறை என்று பொருள். நகரத்துக்கு நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம் என்றார் அவர்.

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். புத்தகத்தால் அவருக்குச் செங்கல் வீடு கிடைத்தது. ஆனால் பேரும் பணமும் நிலைக்கவில்லை. 1977-இல் வறுமையில்தான் இறந்தார். ஒரு புத்தகம் எல்லாக் கஷ்டத்தையும் தீர்த்துவிடாது. ஆனால் அந்த நகரம் பார்க்க மறுத்த மனிதர்களை அது பார்க்க வைத்தது.

4. பரிசாக வந்த நோட்டு

கடைசிக் கதைக்கு மறுபடி நம் நாட்டுக்கு வருவோம். இது நம் காலத்துக் கதை. இந்தப் பெண்ணின் பெயர் பேபி ஹால்தார். வளர்ந்தது மேற்கு வங்காளத்தில்.

சின்னப் பெண்ணாக இருந்தபோது தாய் அவர் கையில் ஒரு பத்துக் காசு நாணயத்தை வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டார். 12 வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இரண்டு மடங்கு வயது. அடுத்த வருடமே குழந்தை. அடியும் உதையுமாக வாழ்க்கை. 1999-இல் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தில்லிக்கு ரயில் ஏறினார். அங்கே வீட்டு வேலைதான் கிடைத்தது.

தில்லிக்குப் பக்கத்தில் குர்கான் என்ற ஊர். அங்கே ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டில் வேலை. பேராசிரியரின் பெயர் பிரபோத் குமார். பேபி புத்தக அலமாரியில் தூசி தட்டும்போது வங்காளப் புத்தகங்களை எடுத்துப் புரட்டுவார். பேராசிரியர் அதைக் கவனித்தார். திட்டவில்லை. ஒரு புத்தகத்தைக் கொடுத்து, படி என்றார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கித் தந்தார். உன் கதையை எழுது என்றார்.

பேனா பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. எழுத்துப் பிழை நிறைய வந்தது. ஆனாலும் வேலை முடித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினார். பேராசிரியர் அதை இந்தியில் மொழிபெயர்த்தார். 2002-இல் 'ஆலோ ஆந்தாரி' என்று புத்தகமாக வந்தது. வெளிச்சமும் இருட்டும் என்று பொருள். பிறகு பல மொழிகளில் வந்தது. பதினோராம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்திலும் அதன் ஒரு பகுதி சேர்ந்தது. பாத்திரம் தேய்த்தவரின் கதை பாடமாகிவிட்டது!

புத்தகம் வந்த பிறகும் பல வருடம் அவர் அதே வீட்டில் வேலை செய்தார்.

இது அரசியலா?

நாலு கதையும் படித்தோம். இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

அரசியல் என்றால் கட்சியும் கொடியும் மட்டும் இல்லை. யாருக்கு எவ்வளவு சோறு? யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது? யார் எந்தச் சேலையை எப்படிக் கட்டலாம்? எந்தத் தெருவுக்குக் குழாய் வரும்? இதையெல்லாம் யாரோ முடிவு செய்கிறார்கள் இல்லையா? அந்த முடிவுதான் அரசியல். அது நம் அடுப்படி வரை வருகிறது.

போராட்டம் என்றாலும் ஊர்வலம் மட்டும் இல்லை. நீ பேசக் கூடாது என்று சொன்னவர்கள் முன்னால், எனக்கு நடந்தது இதுதான் என்று எழுதி வைப்பதும் போராட்டம்தான். வாயால் சொன்னதை இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதியது அப்படியே நிற்கும். ராசசுந்தரி எழுதி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

இந்தக் கதைகளை எங்கள் வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட அக்கா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து நோட்டை நீட்டினார். மூன்று வரி எழுதியிருந்தார். "காலை நாலு மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணி வரவில்லை. வேலைக்குப் போன வீட்டில் லேட் என்று சொல்லி சம்பளம் பிடித்தார்கள்." இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்தினேன். மற்றபடி அதில் நான் திருத்த ஒன்றும் இல்லை.

பேசிப் பார்ப்போம்

1. நாலு பேருக்கும் எழுதுவதற்குக் காகிதம் அல்லது படிப்பதற்கு ஏடு எப்படிக் கிடைத்தது?
2. இரண்டு பேர் ஏன் ஒளித்து வைக்க வேண்டி வந்தது?
3. பேபி காம்ப்ளே தன் வீட்டுத் தப்பையும் எழுதினார். அது சரியா? உங்கள் கருத்து என்ன?
4. உங்கள் தெருவில் யாரோ செய்த முடிவால் உங்களுக்கு வந்த கஷ்டம் என்ன?

எழுதிப் பார்ப்போம்

நேற்றுக் காலை எழுந்தது முதல் இரவு படுத்தது வரை என்ன செய்தீர்கள்? நாலு வரி எழுதுங்கள். பிழை வந்தால் கவலைப்படாதீர்கள். தேதி போட மறக்காதீர்கள்.