நச்சுரோபதி வைத்தியரிடம் போகுமுன்

குடும்ப வைத்தியரைப் பார்க்கப் போனால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். இயற்கை மருத்துவம் எனப்படும் நச்சுரோபதியில் வைத்தியருடனான முதல் சந்திப்பே ஒரு மணி நேரம் நீளும். தூக்கம் எப்படி, எதைச் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது, மனதில் என்ன பாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தீராத களைப்பு, முடி உதிர்வு, ஒற்றைத் தலைவலி என்று வருடக்கணக்கில் அவதிப்படும் ஒருவருக்கு, தன் கதையை முழுதாகக் கேட்க ஆள் கிடைப்பதே பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதல் உண்மையானது. ஆனால் சந்திப்பின் முடிவில் கைக்கு வரும் பட்டியலில் என்ன இருக்கிறது, அது குடும்ப வைத்தியருக்குத் தெரியுமா என்பதில்தான் நோயாளியின் பாதுகாப்பு தங்கியிருக்கிறது.

ஒன்ராறியோவில் யாரும் நினைத்தபடி நச்சுரோபதி வைத்தியர் என்ற பெயர்ப்பலகையை மாட்டிவிட முடியாது. 1925ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றின் கீழ் இருந்த இந்தத் தொழில், 2007இல் நிறைவேறிய நச்சுரோபதிச் சட்டம் 2015 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததும் ஏனைய சுகாதாரத் தொழில்களின் வரிசையில் சேர்ந்தது. உரிமம் வழங்குவதும் முறைப்பாடுகளை விசாரிப்பதும் ‘கொலேஜ் ஒஃப் நச்சுரோபத்ஸ் ஒஃப் ஒன்ராறியோ’ என்ற ஒழுங்குமுறை அமைப்பின் வேலை. வைத்தியரின் பெயர், உரிமத்தின் நிலை, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் இருந்தால் அதன் விவரம் எல்லாம் அதன் இணையப் பதிவேட்டில் கிடக்கும். முதல் சந்திப்புக்கு நேரம் குறிக்குமுன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர்கள் இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இயற்கை மருத்துவம் என்றால் மண் குளியல், நீர்ச் சிகிச்சை, உபவாசம், யோகா. சென்னை அரும்பாக்கத்து அரசுக் கல்லூரி அதற்கென்றே ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு நடத்துகிறது. 1978இல் தொடங்கி இன்று ரொறன்ரோவில் இருக்கும் நச்சுரோபதிக் கல்லூரியின் நான்கு வருடப் படிப்போ மூலிகை, சப்ளிமென்ற், அக்குபங்சர், ஹோமியோபதி எல்லாவற்றையும் தொடுகிறது. இந்த ஒவ்வொன்றுக்குமான அறிவியல் ஆதாரம் ஒரே அளவில் இல்லை. உணவு மாற்றம், உடற்பயிற்சி, தூக்க ஒழுங்கு பற்றிய ஆலோசனைக்குப் பின்னால் வலுவான ஆய்வுகள் உண்டு. ஹோமியோபதிக்கு அப்படி இல்லை. சித்த, ஆயுர்வேத வைத்தியத்துக்கு ஒன்ராறியோவில் உரிமம் வழங்கும் அமைப்பே கிடையாது.

எல்லைகளும் உண்டு. இங்குள்ள நச்சுரோபதி வைத்தியர் சில இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதலாம். எக்ஸ்ரே, ஸ்கான் எடுக்க எழுத முடியாது. தனிப் பரீட்சை ஒன்றில் தேறியவர்கள் மட்டும், அதுவும் சட்டம் வகுத்த குறுகிய பட்டியலுக்குள், சில மருந்துகளை எழுதலாம். தடுப்பூசி போடும் அதிகாரம் இல்லை.

கட்டணத்தை மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் ஏற்காது. அவர் எழுதும் இரத்தப் பரிசோதனைக்கும் சொந்தப் பணம்தான். வேலையிடக் காப்புறுதியில் ஆண்டுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்போடு கிடைக்கலாம். ஆலோசனைக் கட்டணத்தை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். ஆனால் விற்றமின்களும் சப்ளிமென்ற்களும், எழுதிக் கொடுக்கப்பட்டவையாக இருந்தாலும், பொதுவாக அந்தக் கணக்கில் சேரா. பல கிளினிக்குகளில் போத்தல்களும் அங்கேயே விற்பனைக்கு இருக்கும். அங்கேயே வாங்க வேண்டுமென்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

இனி, போத்தலுக்குள் இருப்பது. தொண்டைக்கும் வயிற்றுக்கும் இதமென்று நம் வீடுகளில் தலைமுறையாகப் பயன்படும் அதிமதுரத்தை எடுத்துக்கொள்வோம். கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன், உப்பைப் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்தைத் தூண்டக் கூடியது. அப்படி நடக்காமலிருக்க, அங்குள்ள ஒரு நொதியம் அதைச் செயலற்றதாக மாற்றிவிடும். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் இந்த நொதியத்தை முடக்குகிறது. உடலில் சோடியமும் நீரும் தேங்குகின்றன, பொற்றாசியம் வெளியேறுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே பிரஷருக்கு நீர்க்குளிசை எடுப்பவருக்குப் பொற்றாசியம் இன்னும் கீழே போய் இதயத்துடிப்பே தடுமாறலாம். காரணம் தெரியாத குடும்ப வைத்தியர் குளிசையின் அளவைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

முடி உதிர்வுக்கு விற்கப்படும் பயோட்டினால் வரும் சிக்கல் வேறு விதமானது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும். கடையில் கிடைக்கும் குளிசைகளில் 5,000 அல்லது 10,000 இருக்கும். பல ஆய்வுகூடப் பரிசோதனைகள் பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்தியே அளக்கின்றன. இரத்தத்தில் அது நிறைந்திருந்தால் அளவு பிழையாகிறது. சுகமாக இருப்பவருக்குத் தைரொய்ட் கூடிவிட்டது போன்ற முடிவு வரும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையும் தவறாகக் குறைத்துக் காட்டலாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதுபற்றி எச்சரித்தபோது, ட்ரோபோனின் முடிவு தவறாக வந்த ஒரு நோயாளியின் மரணத்தையும் குறிப்பிட்டது.

மஞ்சளும் விலக்கல்ல. கறியில் போடும் மஞ்சள் வேறு, உடல் நிறைய உறிஞ்சட்டும் என்று மிளகுச் சாறு சேர்த்து அடைத்த காப்சியூல் வேறு. மஞ்சள் சப்ளிமென்ற்றால் ஈரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் 2022இல் விவரித்தார்கள். அவர்களில் ஏழு பேரிடம் ஒரே வகை மரபணுக்கூறு இருந்தது.

கனடாவில் விற்க அனுமதி பெற்ற இயற்கைச் சுகாதாரப் பொருளின் லேபிளில் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். ஊரிலிருந்து சூட்கேசில் வரும் பஸ்பத்திலும் செந்தூரத்திலும் அது இராது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ காணப்பட்டது. அதேவேளை, அந்த எட்டு இலக்க எண் இருப்பதாலேயே ஒருவர் எடுக்கும் மற்ற மருந்துகளோடு அது மோதாது என்றும் சொல்ல முடியாது.

‘உணவு ஒவ்வாமை’ அறிய என்று சில நூறு டொலர் வாங்கிச் செய்யப்படும் ஐஜிஜி இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கேள்வி கேட்க வேண்டும். ஓர் உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடலில் ஐஜிஜி என்ற பிறபொருளெதிரி இருப்பது இயல்பு. ஆகவே இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாமென்று கனடிய ஒவ்வாமை வைத்தியர்களின் சங்கம் 2012இலேயே நிலைப்பாடு வெளியிட்டது. அதை நம்பி வளரும் பிள்ளைக்குப் பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்துவது பிள்ளையின் ஊட்டத்தைத்தான் கெடுக்கும்.

எல்லாவற்றிலும் கனமான விஷயம், காலம் கடத்துவது. பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டுமே நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. முதல் பிரிவினர் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்கைத் தாண்டியது. 2012இல் அல்பேர்ட்டாவில் 19 மாதக் குழந்தை ஒன்று மூளைச்சவ்வு அழற்சி கண்டு இறந்தது. வைத்தியசாலைக்குப் போகுமுன் அதற்குக் கொடுக்கப்பட்டவை வீட்டு மருந்துகளும், நச்சுரோபதி கிளினிக் ஒன்றில் வாங்கிய எக்கினேசியாவும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென வாய் கோணுதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல் ஆகியவற்றுக்கு உடனே 911. அவசரமா இல்லையா என்று புரியாவிட்டால் 811ஐ அழைத்துத் தாதியிடம் கேட்கலாம்.

சந்திப்புக்குப் போகும்போது எடுக்கும் எல்லாக் குளிசைகளையும், ஊரிலிருந்து வந்த சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். கர்ப்பம், சிறுநீரக நோய், இரத்தத்தை இளக்கும் மருந்து, வரவிருக்கும் சத்திரசிகிச்சை எதையும் மறைக்கக் கூடாது. பரிந்துரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் என்ன, மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை வாரத்தில் பலன் தெரியும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவது என்று கேட்பது நோயாளியின் உரிமை. குடும்ப வைத்தியர் எழுதிய மருந்தை நச்சுரோபதி வைத்தியர் நிறுத்தச் சொன்னால், குடும்ப வைத்தியரிடம் பேசாமல் நிறுத்தக் கூடாது.

இரு வைத்தியர்களின் கோப்புகளும் தாமாக ஒன்றையொன்று சென்றடைவதில்லை. இருவரையும் இணைக்கக் கூடியவர் நோயாளி மட்டுமே. புதிய பட்டியல் கைக்கு வந்ததும் அதன் பிரதி ஒன்றைக் குடும்ப வைத்தியருக்கும், இன்னொன்றை வழக்கமாக மருந்து எடுக்கும் மருந்தாளருக்கும் கொடுக்க வேண்டும். எது எதோடு மோதும் என்று பார்த்துச் சொல்வது மருந்தாளரின் தொழில். ஸ்காபரோவில் பல மருந்தகங்களில் அதைத் தமிழிலேயே கேட்கலாம்.