ஒரே பட்டியலில் மரக்காயரும் சங்கு குளிப்போரும்

முத்துக்குளித்துறைக் கரையில் தமிழ் முஸ்லிம்கள் என்றுமே ஒரே படியில் நின்றவர்களல்லர். கப்பலும் முத்து வணிகமும் காயல்பட்டினம், கீழக்கரை மரக்காயர்களிடம் இருந்தன. மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி எடுத்தோர் பரவரும் எளிய முஸ்லிம்களுமே. 'மரக்காயர்' என்பதை மரக்கலத்தோடும், 'லெப்பை' என்பதை அரபியின் 'லப்பைக்' என்பதோடும் தொடர்புபடுத்துவர். சொல்லாய்வு எவ்வாறாயினும், இப்பெயர்கள் மணவுறவின் எல்லைகளாகவும் விளங்கின என்பதை மறைப்பதற்கில்லை.

மக்களாட்சியின் கணக்கு வேறு. 2007இல் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்குரிய 30 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காட்டை முஸ்லிம்களுக்கெனப் பிரித்தளித்தது. அதற்குரிய பட்டியலில் ராவுத்தரும் மரக்காயரும் லெப்பை என்னும் ஒரே பிரிவினுள் அடங்குவர். மணப்பந்தலில் கூடாதவர்கள் அரசுப் பட்டியலில் கூடினர்!

பயன் எவருக்கு என்பதே வினா. வசதி படைத்தோரை விலக்கும் 'கிரீமிலேயர்' முறை தமிழகத்தில் பின்பற்றப்படுவதில்லை. ஆகவே செல்வ வணிகரின் மகனும் சங்கு குளிப்பவரின் மகனும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றனர். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட வல்லவர் எவர் என்பது வெளிப்படை. இதைப் பேசினால் சமுதாய ஒற்றுமை குலையும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் எனக்கு உடன்பாடன்று.

1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இல்லை. குளித்தோரின் வழிவந்தோருக்குக் கல்வியை விட்டால் வேறு ஏணி அரிது. அரசுப் பட்டியல் பிரித்தறியாத வறுமையை ஊர் ஜமாஅத் நன்கறியும். கல்வி உதவித்தொகையை முதலில் எவருக்கு வழங்குவது என்பதும் அதன் கையிலேயே உள்ளது.