ஆபரேஷன் அரை மணி நேரம். காவல் பல வாரம்!
கால் நகத்தை வெட்டிக்கொண்டவர்களே, உஷார்!

சென்னை:

மாலை 6 மணி. தாம்பரம் போகும் மின்சார ரெயில். மூச்சு முட்டும் கூட்டம். யாரோ ஒருவருடைய செருப்பு என் இடது கால் கட்டை விரல் மேல் ஏறி இறங்கியது.

"ஐயோ!" என்று அலறிவிட்டேன்.

குற்றவாளி மிதித்தவர் அல்ல. நான்தான்!

முந்தின நாள்தான் அந்த விரலில் ஆபரேஷன். சதைக்குள் குத்தி வளர்ந்த நகத்தின் ஓரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். "ரெண்டு நாள் காலைத் தூக்கி வச்சுப் படுங்க தம்பி" என்றார் டாக்டர். கேட்டேனா? இல்லை. செய்தி சேகரிக்கக் கிளம்பிவிட்டேன்.

கட்டு ரத்தத்தில் நனைந்தது. 4-ம் நாள் விரல் வீங்கிச் சீழ் வைத்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மாத்திரை, செலவு!

நடப்பது என்ன?

விரலின் அடியில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். குத்தும் ஓரத்தை மட்டும் எடுப்பார்கள். அது மறுபடி முளைக்காமல் இருக்க, வேரில் 'பீனால்' என்ற மருந்து தடவுவது வழக்கம். அது சதையைக் கொஞ்சம் பொசுக்குவதால் சில வாரம் நீர் கசியும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

செய்ய வேண்டியது

முதல் 2 நாள் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல் மரத்திருக்கும்வரை சூடு பட்டாலும் தெரியாது, ஜாக்கிரதை. ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

வலிக்கு பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். ஆனால் இதய நோய்க்காக அதைத் தினமும் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது.

டாக்டர் சொன்ன நாள்வரை கட்டு நனையக்கூடாது. பிரிக்கும்போது துணி ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். காய்ச்சி ஆறிய உப்பு நீரில் நனைத்தால் தானாகக் கழன்றுவரும்.

மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். புண் ஆறும்வரை ஷூ வேண்டாம். விரல் திறந்த செருப்பு போடுங்கள். தெருவில் தேங்கிய தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள்.

அபாய அறிகுறி

நாளாக ஆக வலி குறைய வேண்டும். கூடினால் ஆபத்து! சிவப்பு பாதத்துக்குப் பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும் அப்படியே.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம்; புண் முற்றுவது வலியால் தெரியாது. தினமும் கண்ணால் பாருங்கள். அலட்சியம் செய்தால் விரலையே எடுக்க நேரலாம்.

ஆறிய பிறகு நகத்தை நேராக வெட்டுங்கள். மூலையைத் தோண்டாதீர்கள். முனை இறுக்கும் ஷூவைத் தூக்கிப் போடுங்கள்.

என் விரல் இப்போது சவுக்கியம். 2 நாள் லீவு போட மனமில்லாமல் கிளம்பினேன். கடைசியில் 10 நாள் லீவு போட்டேன்!