ஒரு டோக்கன், மூன்று கம்ப்யூட்டர்

நமது விருத்தாசலம் செராமிக் பேட்டைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அகல், பொம்மை, ஃப்யூஸ் கட்டை என்று செய்கிற சிறு பட்டறைக்காரர் எல்லாரும் ஆளுக்கொரு சூளை கட்டிக் கொள்வதில்லை. செய்த சரக்கைப் பிறர் சூளையில் கூலிக்குச் சுட்டு வாங்குவதும் உண்டு. சூளை ஒன்று, பட்டறை பல. ஆனால் ஒருவர் சரக்கு வெந்து கொண்டிருக்கும்போது இன்னொருவர் தம் பொம்மையைச் செருக முடியாது. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நம் கடைகளில் இருக்கும் யூ.எஸ்.பி. சாதனங்களின் நிலையும் ஏறத்தாழ இதுதான். பில் போடும் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், கணக்கு அறையில் ஒன்று, குடோனில் ஒன்று என்று வைத்திருக்கிறோம். பிரிண்டர் ஒன்று. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஒன்று. யாருக்கு எப்போது கிடைக்கும் என்பதில்தான் தினமும் தகராறு.

இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் நாம் பட்ட ஒரு நஷ்டம். 2023-இல் விடுதி ஒன்றுக்குப் பருப்பும் உளுந்தும் கொடுக்கும் டெண்டர் வந்தது. விலை கணக்குப் பார்த்து, முன்வைப்புத் தொகையும் கட்டியாயிற்று. மாலை 3 மணிக்குள் கம்ப்யூட்டரில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். டோக்கனைத் தேடினால், அது கடலூரில் ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் இருக்கிறது! கணக்குத் தாக்கல் செய்யக் கொடுத்தது, திரும்பி வரவில்லை. பையனை பஸ் ஏற்றி அனுப்பினோம். அவன் டோக்கனுடன் திரும்பி வந்து கடைப்படி ஏறும்போது மணி 3.20. வேறொருவர் எடுத்துக் கொண்டார். முன்வைப்புத் தொகை திரும்பி வந்தது. போன வியாபாரம் வரவில்லை.

ஆடிட்டரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. கொடுத்தது நாம்தானே. நம் வணிக நண்பர்களில் எத்தனை பேருடைய டோக்கன் இன்று அவரவர் கல்லாப்பெட்டியில் இருக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

விஷயத்துக்கு வருவோம். யூ.எஸ்.பி. என்பது 1996 ஜனவரியில் வெளிவந்த ஏற்பாடு. இன்டெல், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட ஏழு கம்பெனிகள் கூடி வகுத்தவை அதன் விதிகள். இன்டெல் பக்கத்தில் அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் பரோடாவில் படித்த அஜய் பட் என்னும் நம் நாட்டுக்காரர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அதற்கு முன்பு பிரிண்டருக்குக் கட்டை விரல் தடிமனில் ஒரு கேபிள், மவுசுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று வகைக்கொரு துளை இருந்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த ஏற்பாட்டில் எஜமான் ஒருவர்தான். ஒரு கம்ப்யூட்டரின் கீழ் 127 சாதனங்கள்வரை மாட்டலாம். ஆனால் ஒரு சாதனம் ஒரே சமயத்தில் இரண்டு கம்ப்யூட்டருக்குக் கீழ்ப்படியாது. பேச்சைத் தொடங்குவதும் முடிப்பதும் கம்ப்யூட்டர்தான். தூரமும் அதிகம் போகாது. 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு கேபிளுக்கு 5 மீட்டர்தான் கணக்கு. குடோன் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் என்ன செய்வது? அதே வேலையை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர்வரை செய்யும். ஆகவே சாதனத்தை நகர்த்தாமல் அதன் பேச்சை மட்டும் நெட்வொர்க் கேபிளில் ஏற்றி அனுப்புவதே வழி.

பிரிண்டருக்கு இது சுலபம். எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறதோ அதில் 'ஷேர்' செய்துவிட்டால் மற்றவை அதன் வழியே அச்சிடும். விண்டோஸிலேயே இந்த வசதி இருக்கிறது, தனியாகக் காசு இல்லை. ஒரே நிபந்தனை, அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக் கொண்டிருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை சாப்பாட்டுக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போனால் முன்னால் பில் நின்றுவிடும். வாடிக்கையாளர் மணிலா மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டு, "என்னண்ணே, இன்னும் சீட்டு வரலையா?" என்று நிற்பார்.

பழைய டாஸ் பில்லிங் புரோகிராமை விட மனமில்லாதவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சங்கதி. அந்த புரோகிராம் எல்.பி.டி. 1 என்ற பழைய துளைக்குத்தான் அச்சை அனுப்பும், யூ.எஸ்.பி. என்றால் அதற்குத் தெரியாது. பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' என்னும் ஒரு வரிக் கட்டளையால் அந்தத் துளையின் பெயரை ஷேர் செய்த பிரிண்டருக்குச் சூட்டிவிட்டால் போதும். அதே கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும். இதற்காகப் புது புரோகிராம் வாங்கச் சொல்லும் ஆட்களை நம்ப வேண்டாம்.

ஆனால் பகிர்வதில் ஆபத்தும் கூடவே வரும். 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது, ஃபைலும் பிரிண்டரும் பகிரும் அதே பாதையில்தான். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டவர் தப்பினர். திருத்தம் போட்டதாலும் தொல்லை வருவதுண்டு. 2021 செப்டம்பரில் பிரிண்டர் பகிர்வில் இருந்த வேறொரு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் அனுப்பிய திருத்தம் ஏறியதும், உலகெங்கும் எத்தனையோ சிறு அலுவலகங்களில் ஷேர் செய்த பிரிண்டர் வேலை செய்யவில்லை. 11பி என்று முடியும் ஒரு பிழை எண் மட்டும் வந்தது. பலர் திருத்தத்தையே கழற்றி எறிந்தார்கள். சரியான வைத்தியம் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் திருத்தத்தை ஒருசேரப் போடுவதுதான். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று இருந்தால் இந்தச் சண்டை தீராது.

புதிதாக பிரிண்டர் வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நெட்வொர்க் துளை உள்ளதாகவே கேட்டு வாங்குவது நல்லது என்பது நமது அபிப்பிராயம். எந்தக் கம்ப்யூட்டரையும் நம்பாமல் அது தன்னந்தனியே நிற்கும். இருக்கிற பிரிண்டருக்கு 'பிரிண்ட் சர்வர்' என்ற சிறு பெட்டியும் கிடைக்கிறது. ஆனால் மலிவான லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்கு அது ஒத்து வருவதில்லை. மாட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கவும்.

பார்கோடு ஸ்கேனர் விஷயத்தில் பகிரும் பேச்சே வேண்டாம். அது ஒரு கீபோர்டு மாதிரி. மேஜைக்கு ஒன்று வைத்துக் கொள்வதே மேல்.

இனி டோக்கன். இதுதான் சிக்கலானது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது முதல் லிமிடெட் கம்பெனிகளும் எல்.எல்.பி.க்களும் டிஜிட்டல் கையெழுத்து போட்டே தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. தனி உரிமையாளரும் கூட்டு வியாபாரிகளும் செல்பேசிக்கு வரும் எண்ணை வைத்தே முடித்துக் கொள்ளலாம். ஆனால் டெண்டர் போடுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. கடை சிறிதானாலும் டோக்கன் வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கொடுப்பது நின்று, மூன்றாம் வகுப்பு மட்டுமே என்றாகிவிட்டது.

இந்த டோக்கனை ஷேர் செய்ய விண்டோஸில் பிரிண்டருக்கு இருப்பது போன்ற பொத்தான் இல்லை. கையெழுத்திடும் புரோகிராம், டோக்கன் தன்னுடைய கம்ப்யூட்டரிலேயே மாட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. மூன்று உபாயங்கள் உண்டு. பொத்தானை அமுக்கினால் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு மாறும் சிறு ஸ்விட்ச் முதலாவது. பக்கத்துப் பக்கத்து மேஜைக்கு அதுவே போதும். இரண்டாவது, டோக்கன் மாட்டிய கம்ப்யூட்டரின் திரையைத் தூரத்திலிருந்து பார்த்து இயக்குவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விண்டோஸுடன் வரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் போனால் அங்கே மாட்டியிருக்கும் டோக்கன் கண்ணுக்கே தெரியாது. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மாட்டியதுதான் தெரியும். எனிடெஸ்க் போன்றவற்றில் அங்கே மாட்டியது தெரியும். இது தெரியாமல் நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினோம்.

மூன்றாவது, யூ.எஸ்.பி.யின் பேச்சையே நெட்வொர்க்கில் அனுப்புவது. ஜப்பானில் நாரா தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் இருந்த தகாஹிரோ ஹிரோஃபுச்சியும் உடனிருந்தவர்களும் 2005-இல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். யூ.எஸ்.பி. ஐ.பி. என்று பெயர். 2014-இல் அது லினக்ஸின் மைய நிரலிலேயே சேர்ந்துவிட்டது. டோக்கன் குடோனில் இருக்கும். கணக்கு அறைக் கம்ப்யூட்டர் அதைத் தன்னிடம் மாட்டியதாகவே நம்பும். சூளைக் கதைதான் இங்கேயும்: ஒருவர் பிடித்திருக்கும்வரை இன்னொருவருக்குக் கிடைக்காது. அதோடு இந்த இலவச ஏற்பாட்டில், கேட்பவர் யார் என்று விசாரிக்கும் காவல் இல்லை. போகிற பேச்சுக்கு உறையும் இல்லை. கடைக்குள் ஓடும் நெட்வொர்க்கில் வைத்துக் கொள்ளலாம். இன்டர்நெட்டில் திறந்து வைத்தால் கல்லாவைத் தெருவில் வைத்த கதைதான். விருந்தாளிக்கெல்லாம் வைஃபை பாஸ்வேர்டு சொல்லும் கடைக்கும் இது ஆகாது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், டோக்கன் போட்ட கையெழுத்து நம் கையெழுத்து. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42-ஆம் பிரிவு, அதன் இரகசியச் சாவியைத் தன் வசம் வைத்துக் காக்கும் பொறுப்பைச் சான்றிதழ் பெற்றவர் தலையில்தான் வைக்கிறது. கை மாறியது தெரிந்தால் தாமதிக்காமல் சான்றிதழ் கொடுத்த அமைப்புக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காத நாம், டோக்கனையும் அதன் மேல் பின் நம்பர் எழுதி ஒட்டிய சீட்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறோம்!

அந்த டெண்டருக்குப் பிறகு நம் கடையில் ஏற்பாட்டை மாற்றினோம். டோக்கன் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தேவைப்படும்போது எடுத்துக் கணக்கு அறையில் மாட்டுகிறோம். ஆடிட்டர் கடலூரிலிருந்தே திரையில் வருகிறார். எல்லாம் நிரப்பி வைக்கிறார். பின் நம்பர் கேட்கும் இடம் வந்ததும் போன் செய்கிறார். நாம் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு தொகையைப் படித்துப் பார்த்துவிட்டு நாமே அடிக்கிறோம். தவறாகச் சில தடவை அடித்தால் டோக்கன் பூட்டிக் கொள்ளும் என்பதால் அவசரப்படுவதில்லை. முதல் மாதமே ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம். வேலை முடிந்ததும் டோக்கன் பெட்டிக்குத் திரும்புகிறது, எனிடெஸ்க்கும் மூடப்படுகிறது. சான்றிதழ் காலாவதியாகும் தேதியைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் தினசரிக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறோம்.