செம்புத் தகட்டில் பிழைத்த தோட்டம்

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் பகுதியின் வரலாற்றை விரித்துரைக்கும் சர் ராபர்ட் அட்கின்ஸின் நூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1712-இல் வெளிவந்தது. அதிலுள்ள மாளிகைப் படங்கள், ஆம்ஸ்டர்டாமில் பிறந்து இலண்டனில் குடியேறிய யோஹானஸ் கிப்பின் கைவண்ணம். அவற்றுள் ஒன்று வெஸ்ட்பரி கோர்ட் என்னும் மாளிகையையும் அதன் தோட்டத்தையும் காட்டுகிறது. கறுப்பு மைக் கோடுகளாலான அப்படத்தை வெறும் நூலலங்காரம் என்று நாம் கடந்துவிட முடியாது.

படம் பறவைப் பார்வையில் அமைந்தது. பலூன்கூடப் பறக்காத காலம் அது. தரையில் நடந்து கண்டதையெல்லாம் ஓவியர் மனத்தால் மேலெழுந்து நோக்கி வரைந்தாக வேண்டும். பின்னர் செம்புத் தகட்டில் கூரிய உளியால் கோடுகளைச் செதுக்கி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்துவர். அச்சில் இடம் வலமாக மாறுமாதலால், கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றியே செதுக்க வேண்டும். இத்தனை உழைப்பும் பெரும்பாலும் உடைமையாளரின் பெருமைக்காகவே. ஆதலின் இவ்வகைப் படங்களைச் சற்று ஐயத்துடன் வாசிப்பதே முறை.

வெஸ்ட்பரியில் அவ்வையத்தைக் குறைக்கும் மற்றொரு சான்றும் உண்டு. 1696 முதல் 1705 வரை தோட்டத்தை அமைத்த மேனார்ட் கோல்செஸ்டர், செடி வாங்கிய செலவுகளையும் கணக்கேட்டில் எழுதி வைத்தார். நேர்கோட்டில் ஓடும் நீண்ட கால்வாய், அதன் முனையில் உயர்ந்த மண்டபம், கத்தரித்த மரங்கள் என டச்சு முறையில் அமைந்தது அத்தோட்டம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இரசனை மாறியது. இயற்கை போல் வளையும் புல்வெளியும் ஏரியுமே அழகு எனக் கருதிய செல்வர்கள், நேர்கோட்டுத் தோட்டங்களை ஏராளமாக அழித்தனர். நம் கணிப்பில் அது ஈடுசெய்ய இயலாத இழப்பு. வெஸ்ட்பரித் தோட்டம் அவ்வழிவுக்குத் தப்பியது. கிப் வரைந்த மாளிகையோ இடிக்கப்பட்டது. கவனிப்பாரின்றித் தோட்டமும் நலிந்தது.

1967-இல் நேஷனல் டிரஸ்ட் அதனைப் பொறுப்பேற்றது. படமும் கணக்கேடும் வழிகாட்ட, கால்வாய்கள் தூர்வாரப்பட்டன. மண்டபம் மீண்டும் எழுப்பப்பட்டது. 1700-க்கு முன் இங்கிலாந்தில் வளர்ந்த செடிவகைகளைத் தேடி நட்டனர். இங்கு ஒரு சிக்கல் எழுந்திருக்கும். அங்குள்ள ‘டி’ வடிவக் கால்வாய் கிப்பின் படத்தில் இல்லை. அது 1715-க்குப் பின் கோல்செஸ்டரின் வாரிசு வெட்டியது. படத்திற்கு ஒப்ப அதனை மூடிவிடவில்லை. இரண்டு கால்வாய்களிலும் இன்று நீர் நிற்கிறது.